மூலச்சுட்டும் நன்றியறிவிப்பும்: ஸ்கிராட்ச் சமூகத்தை முன்வைத்துக் கூட்டுக்கற்றல் மென்பொருளின் வடிவமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

கூட்டாகக் கற்பதற்குத் துணைசெய்யும் மென்பொருள்கள், மாணாக்கர் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவையும் வடிவமைக்கின்றன. ஒருவர் ஆக்கத்தை மற்றொருவர் எடுத்து மாற்றியமைக்கும்போது மூல ஆசிரியரை அறிவிக்கும் பொறுப்பு எந்திரத்துக்கு உரியதா, மனிதருக்கு உரியதா என்ற வினா அவற்றுள் முதன்மையானது. சிறார்க்கான நிரலாக்கச் சமூகமாகிய ஸ்கிராட்ச் தளத்தில் இவ்வினாவை ஒட்டி நிகழ்ந்த வடிவமைப்பு மாற்றத்தையும் அதுபற்றிய ஆய்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. எந்திரம் தரும் மூலச்சுட்டும் மனிதர் தரும் நன்றியறிவிப்பும் ஒரே செய்தியைத் தாங்கியிருப்பினும் வெவ்வேறு செயல்கள் என்பதும், கற்றல் சமூகத்துக்கு இரண்டும் தேவை என்பதும் இக்கட்டுரையின் துணிபு. நன்னூற் பாயிரத்தின் கருத்துகள் இத்துணிபைத் தெளிவுபடுத்தத் துணைகொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

கூட்டுக்கற்றல், இணையவழிச் சமூகம், மீளாக்கம், மூலச்சுட்டு, நன்றியறிவிப்பு, வழிநூல், சிறப்புப்பாயிரம்.

முன்னுரை

கற்றல் என்பது ஆசிரியரும் மாணாக்கரும் மட்டும் பங்குபெறும் நிகழ்வன்று என்பதைத் தமிழ் இலக்கண மரபு நன்கு உணர்ந்திருந்தது. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறு புலமையே என்கிறது நன்னூலின் பொதுப்பாயிரம். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் வந்துசேரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய இரு கால் நிறைவுறும். ஆக, புலமையின் முக்கால் பங்கு பிறரோடு கொள்ளும் உறவினால் விளைவது என்பது பவணந்தியாரின் கணக்கு.

இவ்வுறவை மென்பொருளின் துணையோடு உருவாக்க முடியுமா, உருவாக்கின் அதன் இயல்பு எவ்வாறு மாறும் என்பவற்றை ஆராயும் துறை, கணினித் துணையுடனான கூட்டுக்கற்றல் என வழங்குகிறது. 1980களின் இறுதியில் உருப்பெறத் தொடங்கிய இத்துறையின் முதல் பன்னாட்டு மாநாடு 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள புளூமிங்டனில் நடைபெற்றது. மென்பொருளை வடிவமைப்பதும் அது பயன்படும் சமூகத்தை ஆராய்வதும் இத்துறையில் ஒரே பணியின் இரு கூறுகள். வடிவமைப்பாளர் ஒரு வசதியைச் சேர்க்கும்போது கற்றல் பற்றிய ஒரு கருதுகோளை முன்வைக்கிறார். பயனர்களின் நடத்தை அக்கருதுகோளை உறுதிசெய்கிறது அல்லது மறுக்கிறது. இவ்வாறு மறுக்கப்பட்ட ஒரு கருதுகோளே இங்கு ஆய்வுப் பொருளாகிறது.

கோட்பாட்டுப் பின்புலம்

ஸ்கிராட்ச் தளத்துக்கு முன்னோடியாக அமைந்தது, 1967இல் உருவான லோகோ என்னும் நிரல்மொழி. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், 1980இல் வெளியான தம் நூலில், கற்றலுக்கு உகந்த சமூகத்துக்கு எடுத்துக்காட்டாகப் பிரேசில் நாட்டின் சாம்பா நடனப் பள்ளிகளைக் குறிப்பிட்டார். அங்குச் சிறுவரும் முதியவரும், புதியவரும் தேர்ந்தவரும் ஒரே களத்தில் ஆடுகின்றனர். எல்லோரும் கற்கின்றனர், எல்லோரும் கற்பிக்கின்றனர். பிறருக்குக் காட்டத்தக்க ஒரு பொருளை ஆக்கும்போதே கற்றல் ஆழம் பெறுகிறது என்பது பேப்பர்ட் வகுத்த ஆக்கவழிக் கற்றல் கோட்பாட்டின் சாரம்.

1991இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் இக்கருத்தை வேறொரு திசையிலிருந்து அணுகினர். தையற்கலைஞர், மருத்துவச்சி முதலியோரின் தொழிற்பயிற்சியை ஆராய்ந்த அவர்கள், புதியவர் ஒருவர் உரிமையோடு ஓரத்தில் நின்று சிறு பணிகளைச் செய்யத் தொடங்கிப் படிப்படியாக மையத்தை அடைவதே கற்றல் என்றனர். இந்நோக்கில், பிறர் செய்ததை எடுத்துச் சிறிது மாற்றிப் பார்ப்பது குறைபாடன்று, அதுவே நுழைவாயில்.

இவ்விரு கோட்பாடுகளும் நேர்முகச் சமூகங்களை அடிப்படையாகக் கொண்டவை. சாம்பா களத்தில் ஒருவர் மற்றொருவரின் அடவைப் பின்பற்றும்போது யாரைப் பார்த்துக் கற்றார் என்பது அங்குள்ளோர் கண்முன் நிகழ்கிறது. முகமறியாதோர் கூடும் இணையத்தில் அத்தகைய கண்கூடான சான்று இல்லை. ஆகவே, யாரிடமிருந்து எது வந்தது என்பதை உணர்த்த வேண்டிய கடமை மென்பொருளின் மேல் விழுகிறது.

மூஸ் கிராசிங் கற்பித்த பாடம்

இணையவழிக் கற்றல் சமூகம் பற்றிய தொடக்ககால முயற்சிகளுள் ஆமி புருக்மன் 1990களின் நடுவில் உருவாக்கிய மூஸ் கிராசிங் குறிப்பிடத்தக்கது. எழுத்தாலேயே அமைந்த இக்கற்பனை உலகில் சிறார்கள் இடங்களையும் உயிர்களையும் பொருள்களையும் விவரித்து எழுதினர்; அவற்றை இயக்கும் நிரல்களையும் தாமே எழுதினர். பிறர் ஆக்கிய பொருளின் நிரலைப் படித்துப் பார்த்துத் தம் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது அங்கு இயல்பான கற்றல் முறையாக இருந்தது. ஐயம் எழுந்தால் அதே களத்தில் உலவும் மற்றொரு சிறுவரிடமோ சிறுமியிடமோ கேட்கலாம்.

எனினும், 50 சிறாரின் ஆக்கங்களைப் புருக்மனும் அவர் குழுவினரும் மதிப்பிட்டபோது தேர்ச்சி பெரிதும் ஏற்றத்தாழ்வுடையதாக இருந்தது. சிலர் நுட்பமான நிரல்கள் எழுதினர். பலர் அடிப்படை நிலையைக் கடக்கவில்லை. 2002இல் வெளியான தொடராய்வு, இவ்வேறுபாட்டுக்கு ஆண், பெண் என்ற பாகுபாடு காரணமன்று என்றும், முன்னரே பெற்ற நிரலாக்க அனுபவமும் செலவிட்ட நேரமுமே காரணங்கள் என்றும் காட்டியது. கருவியையும் களத்தையும் அமைத்துவிட்டால் சமூகம் தானே எல்லோரையும் கைதூக்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. சமூகத்தின் உள்ளே மதிப்பும் ஊக்கமும் எவ்வாறு பரவுகின்றன என்பதையும் வடிவமைப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஸ்கிராட்ச்: மீளாக்கத்தை மையமாகக் கொண்ட களம்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையில் இயங்கிய குழு, 2007 மே மாதத்தில் ஸ்கிராட்சைப் பொதுப்பயன்பாட்டுக்கு வெளியிட்டது. 8 முதல் 16 வயதினரை முதன்மையாகக் கருதி உருவாக்கப்பட்ட இதில் நிரல் வரிகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. வண்ணமிட்ட கட்டளைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தியே விளையாட்டுகளையும் அசைபடங்களையும் ஆக்கலாம். இசைத்தட்டை முன்னும் பின்னும் கையால் சுழற்றிப் புதிய ஒலிக்கோவை படைக்கும் கலைஞர்களின் உத்தியிலிருந்தே இதன் பெயர் எடுக்கப்பட்டது. இருப்பதை எடுத்துப் புதியதாக்குவது என்ற நோக்கம் பெயரிலேயே பொதிந்துள்ளது.

நிரலாக்கக் கருவியோடு அதன் ஆக்கங்களைப் பகிர்வதற்கான இணையதளமும் சேர்ந்தே வந்தது. ஆந்த்ரேஸ் மொன்ராய்-ஹெர்னாண்டஸ் வடிவமைத்த அத்தளத்தில் பகிரப்படும் ஒவ்வோர் ஆக்கத்தின் உள்நிரலையும் எவரும் காணலாம். தம் விருப்பப்படி மாற்றி மீண்டும் வெளியிடலாம். திரையிசையில் ரீமிக்ஸ் எனப் பலரும் அறிந்த இச்செயல் இக்கட்டுரையில் மீளாக்கம் எனப்படுகிறது. பெயர் சுட்டுதல், அதே நிபந்தனையில் பகிர்தல் ஆகிய இரண்டையும் வேண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் ஆக்கங்கள் வெளியிடப்படுவதால் மீளாக்கம் சட்டப்படியும் தளத்தின் கொள்கைப்படியும் முழுமையாக அனுமதிக்கப்பட்டதாகும்.

அனுமதி இருந்தும் மனக்குறை எழுந்தது. தம் ஆக்கத்தின் மாற்றுவடிவத்தை வேறொருவர் பெயரில் கண்ட சிறார் பலர், அது திருடப்பட்டதாகக் கருதினர். மொன்ராய்-ஹெர்னாண்டஸ், பெஞ்சமின் மேக்கோ ஹில் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, மீளாக்கத்தை மகிழ்ச்சியோடு வரவேற்றவர்களும் கருத்துத்திருட்டு எனக் குற்றஞ்சாட்டியவர்களும் ஏறத்தாழச் சம அளவினர் என்று காட்டியது. மூல ஆக்கம் சிக்கலான உழைப்பைக் கொண்டதாயின் குற்றச்சாட்டு எழும் வாய்ப்பு மிகுதி. மீளாக்கம் மூலத்தை மிகுதியாக ஒத்திருப்பினும் அவ்வாறே. உழைப்பு பெரிதாகவும் மாற்றம் சிறிதாகவும் இருக்கும் இடத்தில் மனம் நோகிறது என்பது எளிதில் விளங்கும் உண்மையே.

எந்திரத்தின் மூலச்சுட்டு

இச்சிக்கலுக்கு வடிவமைப்பாளர் கண்ட தீர்வு தருக்கமுறைப்படி பொருத்தமானது. மூல ஆசிரியர் பெயர் குறிப்பிடப்படாமையே குறை எனில், அதனைத் தளமே குறிப்பிட்டுவிடலாம். இதன்படி, மீளாக்கம் ஒன்று பதிவேறும்போது அதன் மூலத்தைக் கண்டறிந்து, அம்மூலத்துக்கும் அதன் ஆசிரியருக்கும் இணைப்புத் தரும் வரி தானாகவே தோன்றும்படி செய்யப்பட்டது. இனி எவரும் மூலத்தை மறைக்க இயலாது, மறதியாலும் விடுபடாது.

இம்மாற்றத்தின் விளைவை மொன்ராய்-ஹெர்னாண்டஸ், ஹில், டானா பாய்ட் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இருவகையில் அளந்தது. ஒன்று, தானியங்கு மூலச்சுட்டு அறிமுகமானதையொட்டி மூல ஆசிரியர்களின் எதிர்வினைகள் எவ்வாறு அமைந்தன என்பதையும், மீளாக்கியவர் தாமே எழுதிய நன்றிக்குறிப்புக்கு எழுந்த எதிர்வினைகளையும் எண்ணிக்கை முறையில் ஒப்பிட்டது. மற்றொன்று, 12 பயனர்களோடு நிகழ்த்திய விரிவான நேர்காணல். இரண்டும் ஒரே முடிவைச் சுட்டின: எந்திரம் பெயரைப் பட்டியலிடுவது, மனிதர் பெயரைச் சொல்லி நன்றி கூறுவதினின்று வேறுபட்டது, மதிப்பிலும் அதற்குத் தாழ்ந்தது. இரண்டிலும் இடம்பெறும் செய்தி சொல்லளவில் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆயினும் அதனைச் சொல்பவர் யார் என்பதால் பொருள் மாறிவிடுகிறது.

இதன் காரணத்தை விளக்குவது கடினமன்று. மூலச்சுட்டு ஒரு செய்தி; நன்றியறிவிப்பு ஒரு செயல். செய்தியின் மதிப்பு அது உண்மையா என்பதில் உள்ளது. செயலின் மதிப்போ, செய்யாதிருக்க இயன்ற ஒருவர் அதனைச் செய்தார் என்பதில் உள்ளது. எல்லா மீளாக்கங்களுக்கும் விலக்கின்றி இடப்படும் வரி, அவற்றை ஆக்கியவரின் மனநிலை பற்றி எதையும் அறிவிப்பதில்லை. தம் ஆக்கம் எடுத்தாளப்பட்டதைக் கண்டு மனம் நொந்த சிறுவர் தேடியது ‘இது என்னிடமிருந்து வந்தது’ என்ற தகவலை அன்று; அத்தகவல் அவருக்கு முன்பே தெரியும். ‘இது உன்னிடமிருந்து வந்தது என்பதை நான் அறிவேன்’ என எடுத்தவர் கூறும் ஒப்புதலையே அவர் தேடினார். அந்த ஒப்புதலை எந்திரம் எடுத்தவர் சார்பில் வழங்க இயலாது.

பாயிர மரபு தரும் வெளிச்சம்

முன்னோர் ஆக்கத்தின்மேல் புதிய ஆக்கம் எழுப்பும் முறையைத் தமிழ் இலக்கண மரபு நூல்வகைப் பாகுபாட்டிலேயே ஏற்றுக்கொண்டுள்ளது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்பனவற்றுள் வழிநூலானது முதல்நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கொண்டு அமைவது. பழைய நூற்பாக்களைச் சொல் மாறாமல் எடுத்தாள்வதற்கும் நன்னூல் காரணம் கூறுகிறது: முன்னோர் மொழிந்த பொருளை மட்டுமன்றி அவர்தம் சொல்லையும் பொன்போல் போற்றுதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஸ்கிராட்ச் சமூகத்தில் குற்றச்சாட்டுக்குக் காரணமான ‘மிகுதியான ஒப்புமை’, இம்மரபில் போற்றுதலின் அடையாளமாகிறது. ஒப்புமை தன்னளவில் திருட்டும் அன்று, போற்றுதலும் அன்று. அதனோடு வெளிப்படும் மனப்பான்மையே அதற்குப் பொருள் தருகிறது என்பது இவ்விரண்டையும் ஒப்பிடுவதால் புலனாகும்.

அம்மனப்பான்மை வெளிப்படும் இடமாக மரபு பாயிரத்தை வகுத்தது. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய செய்திகளுள் ஆக்கியோன் பெயருக்கு அடுத்ததாக வைக்கப்பட்டது ‘வழி’, அதாவது நூல் வந்த வழி. அதனை உரைக்கத் தக்கோர் யார் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது: நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன்கற்றோன், அவன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன். நால்வரும் அந்நூல் பிறந்த கற்றல் உறவுக்குள் நிற்பவர்கள். நூல் வந்த வழியை அறிவிப்பது, அவ்வழியை அறிந்த மனிதர் ஒருவர் தம் பெயரால் ஏற்கும் பொறுப்பாகக் கருதப்பட்டது.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. பாயிரத்தில் வழியை உரைப்பவர் பிறர். ஸ்கிராட்சில் நன்றி கூற வேண்டியவர் மீளாக்கியவரே. எனினும் ஒன்று இரண்டுக்கும் பொது. ஆக்கத்தின் பிறப்பு வரலாறு, சமூகத்துக்குள் நிற்கும் ஒருவரின் வாய்மொழியாக வரும்போதே ஏற்பு பெறுகிறது.

மீளாக்கமும் கற்றலும்

நன்றியறிவிப்பு பற்றிய இவ்விவாதம் நன்னடத்தை பற்றியது மட்டுமன்று. கற்றலோடும் நேரடித் தொடர்புடையது. சயமிந்து தாஸ்குப்தா முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிகுதியாக மீளாக்கம் செய்த பயனர்கள் கையாண்ட கட்டளை வகைகளும் மிகுதி. ஆக்கங்களின் எண்ணிக்கை முதலிய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பின்னும் இத்தொடர்பு நீடித்தது. மீளாக்கத்தின்போது எதிர்ப்பட்ட கருத்தாக்கங்களைப் பின்னர்த் தம் சொந்த ஆக்கத்தில் பயன்படுத்தும் வாய்ப்பும் கூடியிருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, மீளாக்கமே காரணம் என நிறுவவில்லை. ஆயினும் ஓரத்திலிருந்து மையத்துக்குச் செல்லும் கற்றல் பற்றிய கோட்பாட்டோடு இம்முடிவு நன்கு பொருந்துகிறது.

மறுபுறம், 2013இல் ஹில், மொன்ராய்-ஹெர்னாண்டஸ் ஆகியோர் ஓர் இரட்டைநிலையைச் சுட்டிக்காட்டினர். மிக எளிமையும் மிகச் சிக்கலும் இல்லாத நடுத்தர ஆக்கங்கள், புகழ்பெற்றோர் ஆக்கங்கள், முன்னரே மீளாக்கமாக அமைந்த ஆக்கங்கள் ஆகியவை மேலும் பல மீளாக்கங்களைத் தூண்டின. ஆனால் அவ்வாறு பிறந்தவை மூலத்திலிருந்து குறைவாகவே வேறுபட்டன. எண்ணிக்கையைப் பெருக்கும் வடிவமைப்பு புதுமையைக் குறைக்கக்கூடும்.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கின் நன்றியறிவிப்பின் இடம் தெளிவாகும். மீளாக்கம் கற்றலின் வாயிலாக இருக்க வேண்டுமெனில், மூத்தவர்கள் தம் ஆக்கத்தைத் தொடர்ந்து பகிர வேண்டும். தம் உழைப்பு மதிக்கப்படவில்லை என உணர்வோர் பகிர்வதைக் குறைத்துக்கொள்ள நேரலாம். புதியவருக்கோ, தாம் எதை எடுத்தோம், எதைச் சேர்த்தோம் என எழுதுவதே தம் கற்றலைத் தாமே காணும் வாய்ப்பு. எந்திரம் அவ்வரியை எழுதிவிட்டால் அவ்வாய்ப்பும் அவர் கையைவிட்டு நழுவுகிறது.

ஆய்வுமுறை குறித்துச் சில

வடிவமைப்பை மாற்றி, அதன் விளைவை உண்மையான கற்றல் சூழலில் நோக்கி, மீண்டும் திருத்தும் முறையை 1992இல் ஆன் பிரவுன், ஆலன் காலின்ஸ் ஆகியோர் தனித்தனியே வடிவமைப்புச் சோதனை என முன்வைத்தனர். மேற்கண்ட ஆய்வுகள் அம்முறையின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுகின்றன.

இணையதளத்தின் பயன்பாட்டுப் பதிவுகள் மிகப் பெருந்தரவைத் தருகின்றன. யார் எதை எப்போது எடுத்தார், அதற்கு எவர் என்ன மறுமொழி எழுதினார் என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன. ஆனால் பதிவில் இருப்பது நிகழ்ந்தது மட்டுமே. மனம் நொந்து, ஒன்றும் எழுதாமல் விலகிச் சென்றவரின் காரணம் எப்பதிவிலும் இராது. எந்திரம் இட்ட வரியும் மனிதர் இட்ட வரியும் ஒரே பெயரைத் தாங்கியிருந்தும் வெவ்வேறாக உணரப்பட்டது ஏன் என்பதை அறிய 12 பேரோடு அமர்ந்து பேச வேண்டியிருந்தது. எண்ணிக்கை எதிர்வினையின் போக்கைக் காட்டியது. நேர்காணல் அதன் பொருளை விளக்கியது. இணையவழிச் சமூகத்தை ஆராய்வோர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

வடிவமைப்புக்கான நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, தடத்தைக் காப்பது எந்திரத்தின் பணி. எந்த ஆக்கம் எதிலிருந்து பிறந்தது என்ற கொடிவழியைப் பிழையின்றியும் மறதியின்றியும் பேணுவதில் மனிதரைவிட மென்பொருள் மேம்பட்டது. தானியங்கு மூலச்சுட்டு குறைந்த மதிப்புடையது என்பதால் வேண்டாதது ஆகிவிடாது. எதிர்கால ஆய்வாளருக்கும் புதிய பயனருக்கும் அது இன்றியமையாத சான்று.

இரண்டாவது, பொருள் தரும் செயலை மனிதருக்கு விட்டுவைப்பது வடிவமைப்பாளரின் பணி. இன்றைய ஸ்கிராட்ச் தளத்தில் ஒவ்வோர் ஆக்கத்தின் பக்கத்திலும் குறிப்புகளும் நன்றியும் எழுதுவதற்கெனத் தனிக் கட்டம் உள்ளது. அது எந்திரத்தால் நிரப்பப்படுவதில்லை. நிரப்பாமல் விடப்பட்ட இவ்விடம் வடிவமைப்பின் குறையன்று. பயனரை அழைக்கும் இடம். அதே வேளையில், மீளாக்கத்தின் பக்கத்தில் மூல ஆசிரியருக்கு நன்றி எனத் தளமே ஒரு வரியைக் காட்டுகிறது. மூலத்தைச் சுட்டும் அளவில் அது பயனுடையதே. ஆனால் எவரும் கூறாத நன்றியை எந்திரம் கூறுவதாக அது அமைவதால், மூலச்சுட்டுக்குரிய சொல்லாட்சியும் நன்றிக்குரிய சொல்லாட்சியும் வேறுவேறாக இருத்தலே தெளிவு தரும்.

மூன்றாவது, நன்றியறிவிப்பைப் பழக்கமாக வளர்ப்பது சமூகத்தின் பணி. மூத்த பயனர்கள் தாம் எடுத்தவற்றுக்கு விரிவாக நன்றி எழுதும்போது புதியவர் அதனைக் கண்டு கற்கின்றனர். மென்பொருள் இதற்கு வழியமைக்கலாம். கட்டாயப்படுத்தினால் நன்றி மீண்டும் வெறும் செய்தியாகிவிடும்.

இந்நெறிகள் தமிழ்க் கல்விக்கான மென்பொருள்களுக்கும் பொருந்தும். மாணாக்கர் பலர் கூடி ஒரு செய்யுளுக்கு உரை எழுதும் களம் ஒன்று அமையின், எத்தொடர் எவருடையது என்பதை மென்பொருள் பதிந்துகொள்ளலாம். ஆனால், இவ்விளக்கம் உடன்பயின்ற இன்னாரோடு நிகழ்ந்த உரையாடலில் பிறந்தது என்பதை மாணாக்கரே எழுதுவதற்கு அக்களத்தில் இடம் வேண்டும். அதனை இன்றைய பாயிரம் எனலாம்.

முடிவுரை

ஸ்கிராட்ச் வடிவமைப்பாளர்கள் சிறாரின் மனக்குறையைத் தகவலின் இன்மை எனக் கருதித் தகவலை வழங்கினர். ஆய்வோ, குறை தகவலில் இல்லை, உறவில் உள்ளது எனக் காட்டியது. கற்றல் சமூகத்தில் மனிதர் செய்யும் பணிகளை எந்திரத்துக்கு மாற்றும் வாய்ப்பு நாளும் பெருகிவரும் காலத்தில் இம்முடிவு கூடுதல் கவனம் பெறத்தக்கது. ஒரு பணியை எந்திரம் செய்ய இயலுமா என்பதோடு, அப்பணியின் பயன் அதனை ஒரு மனிதர் செய்வதில்தான் அடங்கியுள்ளதா என்பதும் வினவப்பட வேண்டும். பாராட்டு, திருத்தம், ஐயம் தீர்த்தல் ஆகியவற்றையும் இவ்வினாவைக் கொண்டு தனித்தனியே ஆராய்வது அடுத்தகட்ட ஆய்வுகளுக்கு உரிய பொருளாகும். உடன்பயில்வோரால் வரும் கால்பங்கும் பிறர்க்கு உரைப்பதால் வரும் அரைப்பங்கும் மனிதர் ஒருவரையொருவர் ஏற்று மதிப்பதால் விளைவன. மென்பொருள் அவ்வேற்புக்கு இடமளிக்கலாமேயன்றி அதற்கு ஈடாக அமையாது.